முளைக்குமுன் தோண்டிப் பார்க்காதீர்கள்

கவனிப்பு குறைந்துதான் செடி சாகும் என்று நினைக்கிறோம். தொட்டியில் செடி வளர்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கவனிப்பு மிஞ்சிப்போய் அழுகிய செடிகளைப் பற்றியும் சொல்வார்கள். நாம் ஆசையாக ஆரம்பிக்கிற கனவுகளும் பல நேரம் இப்படித்தான் கெடுகின்றன.

அதிகம் பேர் செய்கிற தவறு, விதை போட்ட நாலாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பது. தக்காளி விதை முளைக்கப் பொதுவாக 5 முதல் 10 நாள் ஆகும். மிளகாய் இன்னும் நிதானம், சில சமயம் 3 வாரம்கூட எடுக்கும். வெளியே ஒன்றும் தெரியாத அந்த நாட்களில் விதை தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. முதலில் வேரைக் கீழே இறக்குகிறது, தளிர் அப்புறம்தான் மேலே வரும். கிளறினால் நூல் போன்ற அந்த வேர் அறுந்துவிடும். இசை கற்க ஆரம்பித்த 2 மாதத்தில் "எனக்கு இது வருமா?" என்று தினமும் தன்னையே சோதிப்பதும், நாவலின் முதல் 10 பக்கத்தை ஆளாளுக்குக் காட்டி அபிப்பிராயம் கேட்பதும் இந்தத் தோண்டல்தான். எடுத்த காரியத்துக்கு நியாயமாக எவ்வளவு காலம் பிடிக்கும் என்று முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். அந்தக் காலம் நன்றாகவே கடந்தும் முளைக்கவில்லையா? தயங்காமல் வேறு விதை போடுங்கள். செத்த விதைக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பொறுமை என்று நான் சொல்லமாட்டேன்.

தண்ணீர் விஷயம் இன்னும் நுட்பமானது. வேருக்குக் காற்றும் வேண்டும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும், இலை தொங்கிப்போகும். தாகத்தில் வாடிய செடியும் இப்படியேதான் இருக்கும். அதனால் பதறிப்போய் இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறோம். அசதியில் படிப்பு ஏறாதவர் இன்னும் 2 மணி நேரம் கூடுதலாக உட்காருவதும் இதேதான். ஊற்றுமுன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் இன்று வேண்டாம். அதுபோல, சோர்வு வந்தால் உழைப்பு போதவில்லையா, ஓய்வு போதவில்லையா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் செடி பச்சைப்பசேல் என்று தழைக்கும், பூ குறையும். வகுப்பு மேல் வகுப்பு, கருவி மேல் கருவி என்று சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மனசுக்குக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு: கூடுதல் நாற்றுகளைக் களைந்துவிடுவது. ஒரே குழியில் நாலு நாற்று முளைத்தால், திடமான ஒன்றை விட்டு மற்றதை எடுத்தாக வேண்டும். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும், அதனால் கத்தரியால் அடியோடு வெட்டுவார்கள். நாலும் நல்ல நாற்றுதான், ஆனால் நாலையும் விட்டால் நாலும் நோஞ்சானாகும். ஒரே வருஷத்தில் புது மொழி, புதுத் தொழில், ஓவியம், ஓட்டப்பந்தயம் எல்லாவற்றையும் கையில் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

கடைசியாக, முதல் பூவில் மயங்குவது. ஒட்டு மாங்கன்று நட்ட மறு வருஷமே பூப்பது உண்டு. விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பூவைக் கிள்ளிவிடுவார்கள், முதலில் வேரும் கிளையும் பலப்படட்டும் என்று. வீட்டிலிருந்தபடி தையல் தொழில் தொடங்கியவருக்கு நாலு பேர் பாராட்டியதும் பெரிய ஆர்டர் ஒன்று வந்தால், வாங்கிப்போட ஆசையாகத்தான் இருக்கும். கைக்கு அடங்காத வேலையென்றால், "இப்போது இவ்வளவுதான் முடியும், மீதியை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.