டேலி போட்டு மூன்று மாதம்: இனி எதைச் சரிசெய்வது?

டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள் போட்ட மூன்றாம் மாதம் "ரிப்போர்ட் சரியா வரல" என்ற புலம்பல் தொடங்கும். உடனே ஆட்-ஆன் (கூடுதல் வசதிக்கான மென்பொருள்) வாங்க ஓடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் லெட்ஜரில், அதாவது ஆளுக்கு ஆள் வைக்கும் கணக்கில்தான்.

முதலில் பேக்கப். பிறகு பார்ட்டி (வாடிக்கையாளர், சப்ளையர்) லெட்ஜர்களை எக்செலுக்கு எடுத்து, ஜிஎஸ்டி எண் வாரியாக அடுக்குங்கள். ஒரே எண்ணில் இரண்டு லெட்ஜர் அகப்படும்: 'மெசர்ஸ்' சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. வவுச்சர் (வரவு-செலவுப் பதிவு) அதிகமுள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். மற்றதிலுள்ள பில்லுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) தாக்கல் ஆகவில்லை என்றால் பார்ட்டி பெயரை மாற்றலாம். தாக்கல் ஆகிவிட்டால் பில்லைத் தொடவேண்டாம். பாக்கியை மட்டும் ஜர்னல் (பணம் கைமாறாத மாற்றுப் பதிவு) மூலம், பழைய பில் எண்ணிலேயே மாற்றுங்கள். வவுச்சர் உள்ள லெட்ஜரை டேலி டெலீட் செய்ய விடாது. வேண்டாத லெட்ஜரின் பெயருக்கு முன் இரண்டு 'இசட்' போடுங்கள், பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

அடுத்தது 'ஆன் அக்கவுண்ட்': எந்தப் பில்லுக்கு என்று சொல்லாமல் வரவு வைப்பது. அவசரத்தில் எல்லா வரவையும் அதில் தள்ளுவதுதான் மிகப் பெரிய தொல்லை. 112-ஆம் பில் ரூ.38,400, 118-ஆம் பில் ரூ.21,600, வந்தது ரூ.50,000. ரிசீட்டில் 'அகெய்ன்ஸ்ட் ரெஃப்' (இன்ன பில்லுக்கான வரவு) தேர்ந்து 112-க்கு 38,400, 118-க்கு 11,600 என்று பிரித்தால் நிலுவை ரூ.10,000 மட்டும். ஆன் அக்கவுண்டில் போட்டாலும் மொத்த நிலுவை அதேதான்; ஆனால் பில் வாரிப் பட்டியலில் இரண்டு பில்லும் முழுசாக நிற்கும். பணம் கட்டியவருக்கே போன் போகும்! லெட்ஜரில் பில் வாரி விவரமும் கடன் நாளும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேஷ் எந்த நாளிலாவது மைனஸில் போனால், வரவை எழுதும் முன்பே செலவை எழுதியிருக்கலாம், தேதியைச் சரிபாருங்கள்.

எல்லோரும் ஒரே அட்மின் பாஸ்வேர்டில் நுழைந்தால் எடிட் லாகில் ஒரே பெயர்தான் விழும்; யார் திருத்தினார் என்று தெரியாது. கம்பெனிகள் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இந்தத் திருத்தப் பதிவு கட்டாயம். ஆளுக்கொரு லாகின் கொடுங்கள்.

மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) போடுபவர்கள் 14-ஆம் தேதி வரும் 2பி-யோடு (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) பர்ச்சேஸை ஒப்பிட்டுவிடுங்கள். 3பி-க்குக் கடைசி நாளான 20 வரை தள்ளினால் சப்ளையரைத் துரத்த நேரமிருக்காது.

பேக்கப் உண்மையிலேயே திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை ரீஸ்டோர் செய்து பாருங்கள், ஆனால் வேறு ஃபோல்டரில். அதே ஃபோல்டரில் செய்தால் பழைய தரவு இன்றைய கணக்கின் மேல் ஏறிவிடும்.