டூம்ஸ்டே பதிவைக் கீழிருந்து படியுங்கள்

இங்கிலாந்தை 1066-ல் பிடித்த முதலாம் வில்லியம் எப்படி ஆண்டார் என்று பார்க்க, அவரைப் புகழ்ந்தவர்களையும் திட்டியவர்களையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அவர் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக்கணக்கே போதும். காலமெல்லாம் சிட்டா, அடங்கல் எழுதி ஓய்வுபெற்ற எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. 1085 கிறிஸ்துமஸின்போது குளோஸ்டரில் உத்தரவு போட்டார். மறுவருஷமே ஆட்கள் ஊர் ஊராக விசாரித்து முடித்துவிட்டார்கள். ஊர்ப் பாதிரியாரும் மணியக்காரரும் ஆறு குடியானவர்களும் சத்தியம் செய்து விவரம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

ஓப்பன் டூம்ஸ்டே என்ற இலவச இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தட்டினால் மூலப் பக்கத்தின் படமே வரும். முதலில் பர்மிங்காமைத் தேடுங்கள். லத்தீனில் சில வரிதான்: வில்லியம் ஃபிட்ஸ் அன்ஸ்கல்ஃபிடமிருந்து (இவர் ஒரு பிரபு, மன்னர் அல்ல) ரிச்சர்ட் 4 ஹைடு (வரி போடும் அலகு) வைத்திருக்கிறார். 6 ஏருக்கு நிலம். பண்ணையில் 1 ஏர். 5 குடியானவர்கள், 4 சிறு குடிகளிடம் 2 ஏர். கொஞ்சம் காடு. மதிப்பு அன்றும் இன்றும் 20 ஷில்லிங். எட்வர்ட் மன்னர் காலத்தில் வுல்ஃப்வின் வைத்திருந்தார்.

இதைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள். எட்வர்ட், வில்லியம் நாட்டைப் பிடிப்பதற்கு முன் ஆண்டவர். வுல்ஃப்வின் ஆங்கிலேயர், நிலம் கைமாறிவிட்டது. ஆட்சியின் முழுக்கதையும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. மன்னரிடமிருந்து நேரடியாகப் பெருநிலம் பெற்ற ஆங்கிலேயர் 1086-ல் மிச்சமிருந்தது இரண்டே பேர் என்பார்கள். அதில் ஒருவரான ஆர்டன் தர்க்கில், பர்மிங்காம் அன்று அடங்கியிருந்த இதே வார்விக்‌ஷயர்க்காரர்.

அடுத்து மதிப்பு. அது விலை அல்ல, பிரபுவுக்கு வருஷத்துக்குக் கிடைக்கும் வருமானம். பக்கத்து ஆஸ்டனுக்கு 100 ஷில்லிங். அதன் முன்னால் பர்மிங்காம் ஒன்றுமே இல்லை!

அப்புறம் ஏர். ஒரு ஏருக்கு எட்டு மாடு. ஆறு ஏர் ஓட வேண்டிய இடத்தில் ஓடுவது மூன்று. இன்னும் கூடுதலாக எடுக்க முடியுமா என்றும் கேட்கச் சொல்லியிருந்தார்கள், அதனால் இந்த இடைவெளியை யாரும் தற்செயலாக எழுதவில்லை. ஹைடு என்றால் 120 ஏக்கர் என்று சொல்வது வழக்கம், ஆனால் அதை வைத்துப் பரப்பளவு போட உட்காராதீர்கள். தலைக்கணக்கும் குடும்பத் தலைவர்களுக்கு மட்டும்தான். ஐந்தால் பெருக்கினால் ஏறக்குறைய ஊர் ஜனம் வரும்.

இனி யார்க்‌ஷயருக்குப் போங்கள். ‘பாழ்’ என்ற குறிப்பு ஊருக்கு ஊர் வரும். 1069-70 குளிர்காலத்தில் கலகத்தை அடக்க வில்லியம் படை வடக்கே எரித்துத் தள்ளியது. பல இடங்களில் பதினாறு வருஷம் கழித்தும் கணக்கில் ஏற ஒன்றுமில்லை. எல்லாப் பாழும் படையால் வந்ததில்லைதான், ஆனாலும் பட்டியல் நீளம்.

ஒரு குசும்பையும் கவனியுங்கள். பழைய நிலவரத்துக்கு அளவுகோல் 1066 ஜனவரியில் எட்வர்ட் இறந்த நாள். அதன்பின் ஒன்பது மாதம் ஆண்ட ஹேரால்டை இந்தப் புத்தகம் பெரும்பாலும் வெறும் பிரபு என்றே எழுதுகிறது. ஓர் ஆட்சியையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

லண்டனையும் வின்செஸ்டரையும் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டும் இதில் இல்லை.