பேத்தியின் பொம்மைக் கூடை: கழுவுவது பாதி, காய வைப்பது மீதி

பேத்திக்கு 9 மாதம். கையில் கிடைப்பதெல்லாம் நேரே வாய்க்குப் போகிற வயது. மகள் வேலைக்குத் திரும்பியதும் நான் திருநெல்வேலியிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தேன். வந்த அன்றே குளியலறை அலமாரியில் நான்கு கிருமிநாசினி பாட்டில்களைப் பார்த்தேன். "எதை எதுக்கு அடிக்கிற?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் எல்லாத்துக்கும்தாம்மா" என்றாள். எச்சில் வழிந்த பொம்மையைத் தரையிலிருந்து எடுப்பாள், புஸ் புஸ் என்று இரண்டு முறை அடிப்பாள், முந்தானையில் துடைத்துக் குழந்தை கையில் கொடுப்பாள். அது சுத்தம் இல்லை, வாசனை பூசுவது.

நான் 26 வருடம் மருத்துவ ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தவள். ஹைப்போ (கடைகளில் ப்ளீச் என்று விற்கிற சோடியம் ஹைப்போகுளோரைட்தான், ஆய்வகத்தில் எங்களுக்கு அது ஹைப்போ) ஊற்றுவது எனக்குக் காபி ஆற்றுவது மாதிரி. அங்கே முதலில் கற்றுக்கொண்டது இதுதான்: அழுக்கு இருந்தால் கிருமிநாசினியின் பலம் அழுக்கோடு மல்லுக்கட்டுவதிலேயே தீர்ந்துவிடும். எச்சில், பால், ராகிக் கூழ் என்று எது ஒட்டியிருந்தாலும் ஹைப்போவில் இருக்கிற குளோரின் முதலில் அதோடு சேர்ந்து செலவாகிவிடும், கிருமிக்கு மிச்சம் கிடைக்காது. ஆகவே முதலில் சோப்பு, பிறகு தண்ணீர், தேவைப்பட்டால் மட்டும் மருந்து. பெரும்பாலான நாட்களில் அந்த மூன்றாவது தேவையே இல்லை.

ராத்திரி பேத்தி தூங்கியதும் அன்றைக்கு வாய்க்குப் போன பொம்மைகளை மட்டும் ஒரு பேசினில் போடுவேன். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவத்தில் நாலைந்து சொட்டு, ஒரு பழைய மென்மையான டூத் பிரஷ். பொம்மையின் இரண்டு பாதிகள் ஒட்டியிருக்கும் கோடு, கண் குழி, சக்கரத்தின் அச்சு, இவைதான் பிசுக்கு சேரும் இடங்கள். பச்சை ஸ்கிரப்பரையும் கம்பி நாரையும் தொடாதீர்கள். பிளாஸ்டிக்கில் விழுகிற ஒவ்வொரு கீறலும் அடுத்த வாரத்து அழுக்குக்கு வீடு. அப்புறம் ஓடுகிற தண்ணீரில் வழுவழுப்பு போகும் வரை அலச வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் வருவது போர் தண்ணீர், உப்பு அதிகம். காய்ந்ததும் பொம்மை மேல் வெள்ளைப் படலம் நிற்கும். அதனால் கடைசி முக்கு மட்டும் காய்ச்சி ஆறவைத்த கேன் குடிநீரில்.

இனி காய வைப்பது. இதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஈரம் இருக்கிற இடத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கிருமி மறுபடி பெருகும், கழுவின உழைப்பு வீண். துண்டால் துடைத்தால் துண்டில் இருப்பது பொம்மைக்கு வரும். பாத்திரம் கவிழ்க்கிற கம்பித் தட்டில் பொம்மைகளை இடைவெளி விட்டு வைத்து, மின்விசிறிக்கு நேரே விட்டுவிடுவேன். இதற்காகவே இரண்டு கூடை வைத்திருக்கிறேன். ஒன்று குழந்தையிடம், ஒன்று காய்கிறது. நாளை இது அது ஆகும். பொம்மை அலுத்துப்போகாமல் இருப்பதற்கும் இது நல்ல வழி, பார்க்காத நாலு நாளில் பழைய கிலுகிலுப்பை புதுசாகிவிடும்!

பல் முளைக்கிற நேரம் என்பதால் டீத்தர் (ஈறு அரிப்புக்குக் குழந்தை கடிக்கிற பொம்மை) தான் எங்கள் வீட்டில் அதிகம் உழைக்கிற பொருள். முழுக்க சிலிக்கானால் ஆனதைக் கொதிக்கிற தண்ணீரில் 5 நிமிடம் போட்டு எடுக்கலாம். நான் இட்லிப் பானையில் தட்டு வைத்து ஆவியில் விடுகிறேன். உள்ளே தண்ணீரோ ஜெல்லோ அடைத்த டீத்தரைக் கொதிக்க வைக்கக் கூடாது, ஒட்டு விட்டு உள்ளிருப்பது கசியும். அதற்கு சோப்புத் தண்ணீர் போதும். கசிவு கண்ணில் பட்டால் குப்பைதான்.

இட்லிப் பானை விஷயத்தில் எனக்கும் ஒரு அவமானம் உண்டு. மாப்பிள்ளை ஆசையாக வாங்கி வந்த கண்ணாடி மாதிரி பளபளக்கிற கிலுகிலுப்பையையும் டீத்தரோடு சேர்த்து அடுக்கிவிட்டேன். மூடியைத் திறந்தால் ஆப்பம் மாதிரி படுத்திருந்தது. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். அன்றிலிருந்து பொம்மையின் அடியைத் திருப்பிப் பார்க்காமல் அடுப்புப் பக்கம் கொண்டுபோவதில்லை. முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன், கொதிநீரைத் தாங்கும். 3 என்றால் பிவிசி, 6 என்றால் பாலிஸ்டைரீன், இரண்டும் வளைந்துவிடும். எண்ணே இல்லையென்றால் கொதிக்க வைக்காதீர்கள்.

சரி, ஹைப்போ எப்போது வேண்டும்? குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்து போனால், வேறு குழந்தைகள் வந்து அதே பொம்மையை வாயில் வைத்தால், கை-கால்-வாய் நோய் (அந்த மூன்று இடத்திலும் கொப்புளம் கிளப்புகிற வைரஸ் தொற்று) வந்தால். 2022-ல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பெரிதாகப் பேசப்பட்டதே, அதுவும் இந்தக் குடும்பம்தான். எதிர்வீட்டுப் பையனுக்கு அது வந்தபோது எங்கள் பொம்மைகளோடுதான் முந்தின நாள் விளையாடியிருந்தான். மகள் சானிடைசரை எடுத்தாள், நான் தடுத்தேன். இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை கிடையாது. கொரோனா மாதிரி உறை உள்ள வைரஸை ஆல்கஹால் எளிதில் உடைக்கும், உறை இல்லாததிடம் அது தடுமாறும். குளோரின் அப்படித் தடுமாறாது.

அளவை இங்கே நன்றாகக் கவனியுங்கள். ஆய்வகத்தில் சிந்தின ரத்தத்துக்கு 1 சதவீதக் கரைசல் பயன்படுத்துவோம். பொம்மைக்கு வேண்டியது அதில் ஏறக்குறைய 80-ல் ஒரு பங்கு. பாட்டிலில் 5 சதவீதம் அல்லது அதற்கு நெருக்கமாக எழுதியிருந்தால், 1 லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு 2.5 மில்லி, அதாவது அரை டீஸ்பூன். காய்ச்சல் மருந்து பாட்டில் மூடியில் 2.5 என்று கோடு இருக்கும், காலி பாட்டிலின் மூடி ஒன்றை இதற்கென்று எடுத்து மார்க்கரால் பெரிதாக 'ப்ளீச்' என்று எழுதிவிடுங்கள். மருந்துப் பெட்டிப் பக்கம் அது மறுபடி போகவே கூடாது. வாசனை சேர்த்தது, துணிச் சாயம் போகாது என்று எழுதினது எல்லாம் வேண்டாம். வெந்நீரில் கலந்தால் பலம் வேகமாகக் குறையும். வாங்கி வெயிலில் வைத்த பாட்டிலும் அப்படித்தான். கலந்ததை அன்றே கொட்டிவிட வேண்டும்.

சோப்பால் கழுவி அலசின பொம்மையை இந்தத் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி 2 நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, கம்பித் தட்டில் காய விடுவது. அவ்வளவுதான். கையுறை, திறந்த ஜன்னல், குழந்தை வேறு அறையில், இது மூன்றும் கட்டாயம். உலோகம் உள்ள பொம்மையை இதில் போட்டால் துருப்பிடிக்கும்.

கழிவறை ஆசிட், வினிகர், எலுமிச்சை எதுவும் ப்ளீச்சோடு சேரக் கூடாது. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானும் கூடாது. ஒருமுறை எங்கள் ஆய்வகத்தில் புதிதாக வந்த ஒருவர் ஹைப்போ வாளியிலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டார். குளோரின் வாயு கிளம்பி, ஒரு மாடி முழுக்க இருமிக்கொண்டே படியிறங்கினோம். அந்த எரிச்சல் இன்னும் என் தொண்டையில் இருக்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றும்.

டெட்டால் வாசனை வந்தால்தான் சுத்தம் என்று நம்பின தலைமுறை நாங்கள். வாயில் வைக்கிற பொருளுக்கு அதுவும் வேண்டாம், பினாயில் வேண்டவே வேண்டாம். வினிகர் உப்புப் படலத்தை எடுக்கும், கிருமியைக் கொல்லும் என்று நம்பி உட்கார முடியாது. புற ஊதாப் பெட்டி என்று ஒன்று வாங்கி வைத்திருந்தாள் மகள். ஒளி படுகிற பக்கத்தில் மட்டும்தான் அதன் வேலை. பொம்மையின் மடிப்புக்குள் போகாது.

குளியல் வாத்துக்கு வருவோம். அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சுகிற மஞ்சள் வாத்து எங்கள் வீட்டிலும் இருந்தது. வெளியே பளபளவென்று இருக்கும். வெள்ளைக் கைக்குட்டையில் அதை அமுக்கிக் காட்டினேன், கறுப்புத் துணுக்குகளாக வந்து விழுந்தன. கத்தியால் இரண்டாகப் பிளந்து வைத்தேன், மகள் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. சுவிட்சர்லாந்து நீர் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2018-ல் இப்படித்தான் வீடுகளில் பயன்பட்ட வாத்துகளை வெட்டிப் பார்த்தார்கள். உட்சுவரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 லட்சம் முதல் 7.5 கோடி வரை கிருமிச் செல்கள். அந்த மெத்தென்ற பிளாஸ்டிக்கிலிருந்து கசிகிற கரிமப் பொருளே அவற்றுக்குச் சாப்பாடு, குளிக்கிற உடம்பின் அழுக்கும் சோப்பும் கூடுதல் விருந்து. உள்ளே பிரஷ் போகாது, காற்றும் போகாது. இதைச் சுத்தம் செய்ய வழி சொல்லமாட்டேன், தூக்கிப் போடுங்கள். ஓட்டை இல்லாத பொம்மை வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுங்கள். மொண்டு ஊற்றுவதைவிட இந்த வயதுக்கு வேறென்ன விளையாட்டு?

மரப் பொம்மைக்கு வேறு நியாயம். சம்பந்தியம்மா மைசூரிலிருந்து வருகிற வழியில் சன்னபட்டணத்தில் கிலுகிலுப்பை வாங்கி வந்தார்கள். சிவப்பும் மஞ்சளும், தொட்டால் பட்டு மாதிரி. கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போதே அரக்கை அழுத்தி நிறம் ஏற்றி, தாழை மடலால் மெருகு கொடுப்பார்கள். அதை மகள் சானிடைசர் பஞ்சால் துடைக்க, பஞ்சு முழுக்கச் சிவப்பு. பொம்மை சாயம் போகிறது, போலி என்று சம்பந்தியம்மா மேலே பழி விழ இருந்தது. போலி இல்லை, அரக்கு ஆல்கஹாலில் கரையும். சலவை சோடா மாதிரி காரத்திலும் இளகும். அரக்குப் பூசின பொம்மையை ஊறவும் வைக்கக் கூடாது, மரம் ஊதி வெடித்துவிடும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியில் ஒரு துளி மென்மையான சோப்பு, உடனே இன்னொரு ஈரத்துணி, உடனே காய்ந்த துணி, நிழலில் காற்றாட வைப்பது. எங்கள் ஊர்ப்பக்கத்து அம்பாசமுத்திரம் மரச்சொப்புக்கும் இதே முறைதான். ஆனால் சொப்பில் குட்டிக் குட்டிச் சாமான் உண்டு, தொண்டைக்குள் போகும். அவள் 3 வயது தாண்டும் வரை அது என் பெட்டியில்தான் இருக்கும்.

துணிப் பொம்மைகளில் எனக்குப் பிரியம் குறைவு. கரடி, முயல் எல்லாம் தூசியை வாங்கி வைத்துக்கொள்ளும். தூசிப்பூச்சியைக் கொல்ல 60 டிகிரி வெந்நீர் நல்லது, லேபிள் அனுமதித்தால் மட்டும். அனுமதிக்காவிட்டால் பாலித்தீன் பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் வைத்து எடுத்து, பிறகு சாதாரணத் தண்ணீரில் துவைக்க வேண்டும். குளிர் பூச்சியைக் கொல்லும், தும்மல் கிளப்புகிற அதன் கழிவை எடுக்காது, அது துவைத்தால்தான் போகும். தலையணை உறைக்குள் போட்டு வாயை முடிச்சுப் போட்டு மெஷினில் மெதுவான சுற்றில் விடுங்கள். துவைக்கும் முன் கண், மூக்கு, பொத்தான்களை இழுத்துப் பாருங்கள், ஆடுகிறதென்றால் பிடுங்கி எறிந்துவிட்டு நூலால் கண் தைத்துவிடலாம். வெளியே காய்ந்த பிறகும் உள்பஞ்சில் ஈரம் நிற்கும். வயிற்றை இரண்டு விரலால் அழுத்தினால் சில்லென்று இருக்கிறதா பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் துணிப் பொம்மை துவைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை. அந்த இரண்டு மாதமும் கரடி அலமாரியில்.

பேட்டரி பொம்மைக்குப் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஈரத்துணி, சோப்பு, மறுபடி ஈரத்துணி. ஸ்ப்ரேயை நேரே அடித்தால் ஸ்பீக்கர் ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது தோலை அரிக்கிற காரம், வெறும் கையால் தொடாதீர்கள். துடைக்கிற சாக்கில் மூடியின் திருகாணி இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காசு மாதிரி இருக்கிற பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைத்துக்கொண்டு நிற்காமல் நேரே ஆஸ்பத்திரி.

புதிதாக வாங்குகிற பொம்மையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறேன். 2021 ஜனவரி 1 முதல் அது இங்கே கட்டாயம். பெயிண்ட் உரிகிற பொம்மையை எத்தனை கழுவினாலும் பிரயோசனம் இல்லை.

இவ்வளவு பாடுபட்டுப் பொம்மைகளைக் காய வைத்துக் கூடையில் அடுக்கி அவள் முன்னால் வைப்பேன். அவள் கூடையைத் தாண்டித் தவழ்ந்து போய் டிவி ரிமோட்டை எடுத்து வாயில் வைப்பாள். இப்போது ராத்திரிப் பட்டியலில் ரிமோட்டும் உண்டு: பேட்டரியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, பொத்தான் இடுக்கெல்லாம் காது குடையும் பஞ்சு விட்டு எடுத்து, மாப்பிள்ளை கிரிக்கெட் பார்க்க வருவதற்குள் காய வைத்துவிட வேண்டும்.