பாட்டின் தாளத்துக்கு அறை விளக்கு: டபிள்யூலெட் + லெட்எஃப்எக்ஸ் செய்முறை

ஃபால்ஸ் சீலிங் ஓரத்தில் ஒட்டிய எல்இடி ஸ்ட்ரிப், கணினியில் ஓடும் பாட்டின் அடிக்கு அடி பிசகாமல் துடிக்க வேண்டும். அதற்கான முழுச் செய்முறை இது. ‘மியூசிக் மோட்’ என்று போட்டு ரிமோட்டோடு விற்கும் மலிவு ஸ்ட்ரிப்புகள் இதற்கு ஆகாது. அவற்றில் இருக்கும் சின்ன மைக், அறையில் எவ்வளவு சத்தம் என்பதை மட்டும்தான் பார்க்கும். தவிலின் ஓசைக்கும் மிக்ஸியின் ஓசைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஸ்ட்ரிப் முழுக்க ஒரே நிறமாகத்தான் எரியும்.

நாம் வேலையை இரண்டாகப் பிரிக்கப் போகிறோம். பாட்டை அலசுவது கணினி. அதற்கான மென்பொருள் லெட்எஃப்எக்ஸ். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக எரிய வைப்பது இஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. அதில் ஓடுவது டபிள்யூலெட். இரண்டும் இலவசம், திறந்த மூலம். நடுவில் இருப்பது வீட்டு வைஃபை.

வாங்க வேண்டியவை

டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப், 5 வோல்ட், மீட்டருக்கு 60 விளக்கு, 5 மீட்டர் சுருள் ஒன்று. மொத்தம் 300 விளக்கு. கடையில் ‘ஆர்ஜிபி ஸ்ட்ரிப்’ என்று மட்டும் கேட்டால் 12 வோல்ட், நான்கு கம்பி உள்ள சாதா ஸ்ட்ரிப்பைக் கொடுத்துவிடுவார்கள். அது விளக்கு விளக்காக நிறம் மாறாது. ‘அட்ரஸபிள்’ என்று சேர்த்துக் கேளுங்கள். அதில் 5 வோல்ட், டேட்டா, கிரவுண்ட் என்று மூன்றே கம்பி இருக்கும்.

இஎஸ்பி32 டெவ் போர்டு ஒன்று. 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தை 5 வோல்ட்டாக மாற்றும் பவர் சப்ளை) ஒன்று. 74ஏஎச்சிடி125 ஐசி, 330 ஓம் ரெசிஸ்டர், 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் கெப்பாசிட்டர், 1.5 சதுர மி.மீ. கம்பி கொஞ்சம். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடிந்துவிடும். பால்வெள்ளை மூடி போட்ட அலுமினிய சேனலையும் சேர்த்து வாங்கச் சொல்வேன். ஸ்ட்ரிப்பை நேராகக் கண்ணில் படும்படி ஒட்டினால் புள்ளி புள்ளியாகத் தெரிந்து அரை மணியில் கண் வலிக்கும். சுவரைப் பார்த்தாற்போல் திருப்பி, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் அறைக்கு அழகு.

மின்சாரக் கணக்கு

ஒரு விளக்கு முழு வெள்ளையில் எரிந்தால் சுமார் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 300 விளக்குக்கு 18 ஆம்பியர். இசைக்கு ஆடும்போது எல்லா விளக்கும் முழு வெள்ளையில் எரிவது அரிது என்பதால் 10 ஆம்பியர் போதும்; ஆனால் அதை மீறாதபடி டபிள்யூலெட்டில் பூட்டுப் போட வேண்டும். அது கீழே வருகிறது.

ஸ்ட்ரிப்பின் உள்ளே ஓடும் செம்புத் தகடு மிக மெல்லியது. ஒரு முனையில் மட்டும் 5 வோல்ட் கொடுத்தால் மறுமுனைக்குப் போவதற்குள் வோல்டேஜ் இறங்கிவிடும். சிவப்பு எரியச் சுமார் 2 வோல்ட் போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவில் வேண்டும். அதனால்தான் கடைசி ஒரு மீட்டரில் வெள்ளை மஞ்சளாகி, பிறகு சிவந்து போகிறது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனிக் கம்பி இழுத்து இரண்டு முனையிலும் 5 வோல்ட்டும் கிரவுண்டும் கொடுங்கள். டேட்டா மட்டும் ஒரே முனையில்.

எஸ்எம்பிஎஸ்ஸின் ஒரு பக்கத்தில் 230 வோல்ட் திறந்தே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வையுங்கள். எர்த் கம்பியை விட்டுவிடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மூடியுள்ள பெட்டிக்குள் வைத்தே ஆக வேண்டும்.

இணைப்பு

ஸ்ட்ரிப்பில் அம்புக்குறி அச்சடித்திருக்கும். அம்பு புறப்படும் முனைதான் டேட்டா நுழையும் இடம். எதிர்முனையில் இணைத்தால் ஒரு விளக்குகூட எரியாது. ஸ்ட்ரிப் பழுது என்று பலர் திருப்பிக் கொடுப்பது இதனால்தான்.

இஎஸ்பி32 வெளியிடும் சிக்னல் 3.3 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2812பி, 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் ‘1’ என்று ஏற்கும் என்கிறது அதன் டேட்டாஷீட். நேரடியாக இணைத்தாலும் பல சமயம் ஓடும். பிறகு ஒரு நாள் காரணமே இல்லாமல் மினுக்கும். 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தி இந்த இடைவெளியை நிரப்பத்தான் 74ஏஎச்சிடி125 ஐசி. 14ஆம் காலுக்கு 5 வோல்ட், 7ஆம் காலுக்கு கிரவுண்ட். 1ஆம் கால் கிரவுண்டுக்கு. போர்டில் ஜிபிஐஓ 16 என்ற எண்ணுள்ள சிக்னல் பின்னை 2ஆம் காலில் கொடுங்கள், 3ஆம் காலிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக ஸ்ட்ரிப்பின் டேட்டாவுக்கு. பயன்படாத உள்ளீடுகளான 5, 9, 12 ஆகிய கால்களையும் கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள்.

கெப்பாசிட்டரை ஸ்ட்ரிப்பின் தொடக்கத்தில் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே வையுங்கள். கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்கு. போர்டின் 5 வோல்ட் பின்னுக்கும் இதே எஸ்எம்பிஎஸ்தான். போர்டு, ஐசி, ஸ்ட்ரிப், எஸ்எம்பிஎஸ் நான்கின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் ஸ்ட்ரிப் கண்டபடி நிறம் மாற்றும்.

டபிள்யூலெட் ஏற்றுதல்

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டைக் கழற்றிவிட்டு யுஎஸ்பியில் மட்டும் செருகுங்கள். குரோம் அல்லது எட்ஜ் உலாவியில் டபிள்யூலெட்டின் இணைய நிறுவிப் பக்கத்தைத் திறந்து ‘இன்ஸ்டால்’ கொடுத்தால் போதும். ஃபயர்ஃபாக்ஸைவிட இந்த இரண்டே பாதுகாப்பான தேர்வு. பட்டியலில் போர்டு வரவில்லை என்றால் முதல் சந்தேகம் கேபிள்மேல்: சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளில் டேட்டா போகாது. அடுத்தது சிபி2102 அல்லது சிஎச்340 டிரைவர்.

முடிந்ததும் யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு, போர்டை மறுபடி எஸ்எம்பிஎஸ்ஸில் இணையுங்கள். ஃபோனில் டபிள்யூலெட்-ஏபி என்ற வைஃபை தெரியும். கடவுச்சொல், ஆங்கிலச் சிற்றெழுத்தில் டபிள்யூ, எல், இ, டி, பிறகு 1234. உலாவியில் 4.3.2.1 என்று அடித்து வீட்டு வைஃபை விவரத்தைக் கொடுங்கள். சாதாரண இஎஸ்பி32க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்தால் இணையவே இணையாது. அதே பக்கத்தில் ‘டிசேபிள் வைஃபை ஸ்லீப்’ என்பதை டிக் செய்யுங்கள். இதை விட்டால் விளக்கு நடுநடுவே திக்கும்.

‘எல்இடி பிரிஃபரன்சஸ்’ பக்கத்தில் நீளம் 300, ஜிபிஐஓ 16, நிற வரிசை ஜிஆர்பி. பிரைட்னஸ் லிமிட்டரை இயக்கி 8000 மில்லி ஆம்பியர் கொடுங்கள். 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸை 80 சதவீதத்துக்கு மேல் நெருக்க வேண்டாம். தொடக்கத்தில் அங்கே 850 என்றுதான் இருக்கும், விளக்கு மங்கலாக எரிவதற்கு அதுவே காரணம். சிவப்பு கேட்டால் பச்சை எரிகிறதா? நிற வரிசையை மாற்றினால் சரியாகிவிடும்.

லெட்எஃப்எக்ஸ்: தடுக்கி விழும் இடம்

விண்டோஸில் நிறுவிக் கோப்பு கிடைக்கும். லினக்ஸில் பிப்எக்ஸ் (பைதான் நிரல்களை நிறுவும் கருவி) வழியாக நிறுவுங்கள், போர்ட்ஆடியோ லைப்ரரியும் வேண்டும். இயக்கிவிட்டு உலாவியில் 127.0.0.1:8888 திறந்தால் அதன் பக்கம் வரும். தேடச் சொன்னால் டபிள்யூலெட்டைத் தானே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். ‘எனர்ஜி’ எஃபெக்ட்டைத் தேர்ந்தெடுத்துப் பாட்டைப் போடுங்கள்.

விளக்கு ஆடும். ஆனால் ஏனோதானோவென்று ஆடும். பேசினால் ஆடும், கதவைச் சாத்தினாலும் ஆடும். காரணம், லெட்எஃப்எக்ஸ் கேட்டுக்கொண்டிருப்பது பாட்டை அல்ல, லேப்டாப்பின் மைக்கை. எஃபெக்ட்டையும் சென்சிட்டிவிட்டியையும் மணிக்கணக்காகத் திருகினாலும் இது சரியாகாது. ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

விண்டோஸில்: செட்டிங்ஸ், ஆடியோ பகுதியில் சாதனப் பட்டியலைத் திறந்தால் ஒரே ஸ்பீக்கர் பெயர் பல முறை வரும். ‘வாசாபி’ என்று தொடங்கி, கடைசியில் ‘லூப்பேக்’ (ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியின் நகல்) என்று முடியும் வரியைத் தேர்ந்தெடுங்கள். இப்போது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கர் எதுவோ அதன் லூப்பேக்காக இருக்க வேண்டும். ஹெட்ஃபோனுக்கு மாறினால் இங்கேயும் மாற்ற வேண்டும்.

லினக்ஸில்: பாவுகன்ட்ரோல் என்ற ஒலி அமைப்பு மென்பொருளைத் திறந்து, லெட்எஃப்எக்ஸ் ஓடும்போதே ‘ரெக்கார்டிங்’ தாவலுக்குப் போய், அதன் மூலமாக ‘மானிட்டர் ஆஃப்’ என்று தொடங்கும் வரியை வையுங்கள். லெட்எஃப்எக்ஸ் ஓடாதபோது அந்தத் தாவலில் எதுவும் தெரியாது.

மேக்கில்: ப்ளாக்ஹோல் என்ற இலவச மென்பொருளை நிறுவி, ‘ஆடியோ மிடி செட்டப்’பில் ஸ்பீக்கரையும் ப்ளாக்ஹோலையும் சேர்த்து மல்டி-அவுட்புட் சாதனம் உருவாக்குங்கள். பாட்டு அதற்குப் போகட்டும், லெட்எஃப்எக்ஸ் ப்ளாக்ஹோலைக் கேட்கட்டும்.

சோதனை எளிது. பாட்டை நிறுத்திவிட்டுக் கைதட்டுங்கள். விளக்கு அசையவில்லை என்றால் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள்.

சரியான லூப்பேக்கைக் கொடுத்தும் விளக்கு செத்துக் கிடந்தால், பிளேயரில் ‘எக்ஸ்க்ளூசிவ் மோட்’ இயங்குகிறதா என்று பாருங்கள். அந்த முறையில் பிளேயர் ஒலியை நேராகச் சாதனத்துக்குக் கொடுத்துவிடும். லூப்பேக்குக்கு எதுவும் வராது.

தாமதத்தைச் சரிக்கட்டுதல்

கம்பி ஸ்பீக்கர் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்ற வேகத்தில் 1024 மாதிரிகளைச் சேர்த்து அலச 23 மில்லிநொடி, 300 விளக்குக்கும் தகவல் ஓடி முடிய 9 மில்லிநொடி, வைஃபைக்குச் சில மில்லிநொடி. இவ்வளவு பிந்தினால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ப்ளூடூத் ஸ்பீக்கரில் கதை தலைகீழ். ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்குள் 150 முதல் 250 மில்லிநொடி போய்விடும். அதனால் விளக்கு முந்தி எரிகிறது, அடி பின்னால் விழுகிறது. லெட்எஃப்எக்ஸின் ஆடியோ அமைப்பில் ‘டிலே’ என்று ஒன்று உண்டு. விளக்கை அந்த அளவுக்குத் தாமதிக்க அதுதான்.

அதைப் பாட்டை வைத்துச் சரி செய்யாதீர்கள். வேகமான குத்துப்பாட்டில் அடுத்த அடியை இந்த அடி என்று காது ஏமாந்துவிடும். நிமிடத்துக்கு 60 அடி வைத்த மெட்ரோனோமைப் போடுங்கள். அடிக்கும் அடிக்கும் நடுவே முழுதாக ஒரு நொடி இருப்பதால் குழப்பம் வராது. 150இல் தொடங்கி 20, 20ஆக ஏற்றுங்கள். நெருங்கியதும் 5, 5ஆக. வேறு ஸ்பீக்கரை இணைத்தால் மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

எஃபெக்ட் தேர்வு

என் பரிந்துரை: முதலில் ‘எனர்ஜி’ அல்லது ‘பவர்’. ‘மிரர்’ இயக்கினால் அலை நடுவிலிருந்து இரு பக்கமும் விரியும், சீலிங்குக்கு அதுவே பொருத்தம். ‘ப்ளர்’ கொஞ்சம் ஏற்றினால் மினுக்கல் தணியும். கர்நாடகக் கச்சேரிக்கு ஒரு குறிப்பு: தம்புராவின் சுருதி இடைவிடாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதால் ஸ்ட்ரிப் அணையாமல் ஒரே மட்டத்தில் எரியும். ‘மினிமம் வால்யூம்’ அளவைச் சற்று ஏற்றுங்கள். ஓசை அமுங்கும் இடங்களில் விளக்கும் அமுங்கும்.

‘ஸ்ட்ரோப்’ வகை எஃபெக்ட்டுகளை விருந்தினர் இருக்கும்போது போடாதீர்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் வெட்டும் வெளிச்சம், ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து.

பிறகு சேர்த்தவை

ஸ்ட்ரிப்பின் முதல் 170 விளக்கு ஒரு தாளத்திலும் மீதி வேறு தாளத்திலும் ஆடினால், லெட்எஃப்எக்ஸ் போர்டுக்குத் தகவல் அனுப்பும் முறை இ1.31 ஆக இருக்கிறது. அதில் ஒரு யுனிவர்ஸுக்கு, அதாவது ஒரு தகவல் பொதிக்கு, 170 விளக்குதான். 300க்கு இரண்டு பொதி போக வேண்டும், ஒன்று பிந்தினால் ஸ்ட்ரிப் இரண்டாகப் பிளந்ததுபோல் தெரியும். டிடிபி என்ற முறைக்கு மாற்றுங்கள். அதில் 480 விளக்கு வரை ஒரே பொதியில் அடங்கும்.

விளக்கு அவ்வப்போது உறைந்து நின்று ஓடினால் இணைய வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். 300 விளக்குக்கு 900 பைட், நொடிக்கு 60 முறை. மொத்தம் அரை மெகாபிட்கூட இல்லை. லேப்டாப்பும் போர்டும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு பொதியும் காற்றில் இரு முறை பயணிக்கிறது. லேப்டாப்பை லேன் கம்பியில் ரவுட்டரோடு இணைத்தால் பெரும்பாலும் தீரும்.

ரோவர் வகை இஎஸ்பி32இல் ஜிபிஐஓ 16, 17 இரண்டும் உள் நினைவகத்துக்குப் போய்விடும். வேறு பின்னைத் தேர்ந்தெடுங்கள்.

பாட்டு ஃபோனில்தான் ஓடும், கணினியே வேண்டாம் என்பவர்களுக்கு, போர்டோடு நேராக இணைக்கும் ஐஎன்எம்பி441 மைக் உண்டு. டபிள்யூலெட் 0.15இன் இஎஸ்பி32 பதிப்பில் ஆடியோ-ரியாக்டிவ் (ஒலிக்கு ஏற்ப விளக்கை ஆட்டும் வசதி) உள்ளேயே வருகிறது. மைக்குக்கு 3.3 வோல்ட் மட்டும் கொடுங்கள், 5 வோல்ட் அதைக் கொன்றுவிடும். மைக்கின் எஸ்டி காலை ஜிபிஐஓ 32க்கும், டபிள்யூஎஸ் காலை ஜிபிஐஓ 15க்கும், எஸ்சிகே காலை ஜிபிஐஓ 14க்கும், எல்/ஆர் காலை கிரவுண்டுக்கும் இணைத்து, டபிள்யூலெட்டின் யூசர்மாட்ஸ் பக்கத்தில் அதே எண்களை எழுதிச் சேமியுங்கள். பிறகு கரண்டை நிறுத்திப் போட வேண்டும்; சேமித்தால் மட்டும் மைக் விழித்துக்கொள்ளாது.