தண்ணீர் மினுங்கும்போது எட்ஜரைத் தொடாதீர்கள்

சென்ற வாரம் கோலாலம்பூர் செகாம்புட்டில், தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றில், ஒரு வீட்டுக் கார் போர்ச்சுக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எதிர்வீட்டுச் சுவர் வேலைக்கு அளவெடுக்கப் போனவன். பழக்கதோஷம், போகிற வழியில் நின்றுவிட்டேன். இருபத்திரண்டு வயது இருக்கும், ஒரு தம்பி ஓரப் பலகையை ஒட்டிக் குந்தியபடி, கான்கிரீட்டின் ஓரத்தை உருட்டும் எட்ஜர் என்ற கைக்கருவியை இழுத்துக்கொண்டிருந்தான். கை சுத்தம், இழுப்பும் நேர்த்தி. ஆனால் எட்ஜர் போகிற வழியெல்லாம் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, அது கடந்ததும் மறுபடி கூடிக்கொண்டது. பக்கத்தில் பாதி பிரித்த சிமெண்ட் மூட்டை ஒன்று தயாராக இருந்தது. அந்த மூட்டை எதற்கு என்று எனக்குத் தெரியும். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதே மூட்டையை வைத்துக்கொண்டு இப்படித்தான் குந்தியிருந்தேன்.

எட்ஜர் வேலையில் புதியவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றி அன்று இரவு எழுத உட்கார்ந்ததுதான் இது. கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு. கையுறை போடுங்கள், ஈரச் சிமெண்டில் முழங்காலிட்டு உட்காராதீர்கள் என்பதையெல்லாம் சொல்லப் போவதில்லை. ஒரு முறை தோல் வெந்தால் யாரும் சொல்லாமலே புரியும்.

எட்ஜரைக் கையில் பிடித்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பிடி வைத்த சிறிய தகடு அது. ஒரு பக்க ஓரம் மட்டும் உதடு போலக் கீழே வளைந்திருக்கும். அந்த உதட்டைக் கான்கிரீட்டுக்கும் பலகைக்கும் நடுவே விட்டு இழுத்தால், தளத்தின் கூரான முனை உருண்டையாகிவிடும். இதை அழகுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. கூரான முனைக்குப் பின்னால் தாங்குவதற்குச் சதை இல்லை. மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு இடித்தால் போதும், சில்லு தெறிக்கும். உருட்டிய முனை அடியைத் தாங்கும். இழுக்கும்போது ஓரத்துக் கலவையும் அழுந்தி இறுகுகிறது, பலகையைக் கழற்றும்போது முனை பிய்ந்துகொண்டு வருவதில்லை.

ஒரே எட்ஜரை எல்லா இடத்துக்கும் இழுப்பது

ஜாலான் பாசார் பக்கம் கருவிக் கடைக்குப் போகும் புதியவர்கள் எந்தத் தகடு பளபளக்கிறதோ அதை எடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது வளைவின் ஆரத்தை. கார் ஏறும் தளம், வீட்டு நடைபாதை, வடிகால் ஓரம் இவற்றுக்கு அரை அங்குலம், அதாவது சுமார் 12.7 மில்லிமீட்டர் அளவு சரியாக இருக்கும். கட்டடத்துக்குள்ளே, சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ கடக்கும், இரண்டு தளங்கள் சேரும் இணைப்புகளில் அரை அங்குலம் இழுத்தால் இரு பக்கமும் சேர்ந்து ஒரு பள்ளமாகிவிடும். சக்கரம் ஒவ்வொரு முறையும் தடக்கென்று விழும். அங்கே 3 முதல் 6 மில்லிமீட்டர் போதும். பின்னால் டைல் ஒட்டப் போகிறார்கள் என்றால் அந்த ஓரத்தை உருட்டவே வேண்டாம். உருட்டிவிட்டால் டைலின் விளிம்புக்கு அடியில் ஒன்றும் இருக்காது. வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டால் தீர்கிற விஷயம் இது. நான் கேட்காமல் செய்து, டைல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முன்னும் பின்னும் இரண்டு முனைகளும் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தட்டையான முனை கலவையில் குத்தும். தகடு அகலமாக இருந்தால் மேலே மிதந்து போகும், பக்கத்தில் கோடு விழுவது குறையும். மூன்று அங்குல அகலத் தகட்டைக் குறுகலான இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட ஓரத்துக்கு ஆறு அங்குலம். துருப்பிடிக்காத எஃகு விலை கூடத்தான். ஆனால் கோலாலம்பூர் ஈரத்தில் சாதாரண எஃகை இரண்டு வாரம் எண்ணெய் தடவாமல் போட்டு வைத்துப் பாருங்கள், எதற்கு விலை கொடுக்கிறோம் என்று தெரியும்.

தண்ணீர் நிற்கும்போது இழுப்பது, அதை மறைக்கப் பொடி தூவுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை ஆண்டு போனாலும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

கான்கிரீட்டைக் கொட்டி, மட்டக்கோல் இழுத்து, நீளக் கைப்பிடி வைத்த மட்டப் பலகையால் ஒரு முறை தடவி முடித்ததும், அது தன் பாட்டுக்கு ஒரு வேலையைத் தொடங்குகிறது. கல்லும் மணலும் சிமெண்டும் எடையால் கீழே இறங்கும், தண்ணீர் மேலே வரும். கான்கிரீட் தண்ணீர் கக்குகிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தளம் முழுதும் கண்ணாடி போல மினுங்கும். அந்த நேரத்தில் எட்ஜரை வைத்துத் தேய்த்தால், மேலே நிற்கிற தண்ணீரை மறுபடி கலவைக்குள் அமுக்கிவிடுகிறீர்கள். மேல்தோலில் மட்டும் தண்ணீர் கூடிவிடும். தண்ணீர் கூடிய சிமெண்ட் காய்ந்தபின் சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டும், துடைப்பம் பட்டாலே உதிரும்.

ஓரத்தில் இது இரண்டு மடங்கு. கார் போர்ச் எப்போதும் வடிகாலை நோக்கிச் சரிவாகத்தான் இருக்கும். கக்கிய தண்ணீரும் அந்தச் சரிவிலேயே இறங்கி வடிகால் பக்க ஓரத்தில் போய் நிற்கும். ஆகவே ஒரே தளத்தின் நான்கு ஓரங்களும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வருவதில்லை. வெயில் பட்ட பக்கம் முதலில் இறுகும், கூரை நிழலில் இருப்பது அதற்குப் பின், வடிகால் ஓரம் எல்லாவற்றுக்கும் கடைசி. கார் ஏறி இறங்கி அதிகம் அடி வாங்குவதும் அந்தக் கடைசி ஓரம்தான்.

என் கதை செதாப்பாக்கில் நடந்தது. இருபது அடிக்குப் பதினெட்டு அடித் தளம். கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லோரி ஒன்றேகால் மணிக்கு வந்தது. கலவை கெட்டியாக இருக்கிறது, இழுக்கக் கை வலிக்கும் என்று கங்காணி லோரியிலேயே தண்ணீர் ஊற்றச் சொன்னார். கூடுதலாகப் போன தண்ணீர் எங்கே போகும்? மேலேதான் வரும். மூன்றரை மணிக்கு வடக்கே வானம் கறுத்தது. இந்த ஊரில் அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மூடுவதற்குப் போதுமான தார்ப்பாய் எங்களிடம் இல்லை. "பொடி தூவு, ஈரத்தை இழுத்துக்கொள்ளும்" என்றார் கங்காணி. நான் கைநிறைய அள்ளி ஓரம் முழுவதும் தூவினேன். சிமெண்ட் பொடி தண்ணீரைக் குடித்தது. எட்ஜர் வெண்ணெயில் போவது போலப் போனது. இவ்வளவு வழவழப்பான ஓரத்தை அதுவரை நான் இழுத்ததில்லை. வீட்டுக்காரர் தேநீர் கொடுத்து, தன் அண்ணன் வீட்டுக்கும் நீங்களே வாருங்கள் என்றார்.

நான்கு மாதம் கழித்து, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வடிகால் ஓரம் அப்பளம் போல ஏடு ஏடாக எழும்பியிருந்தது. நாணயத்தால் தட்டினேன். பானையைத் தட்டியது போலக் கேட்டது. தூவிய பொடி மேலே ஒரு தனித் தோலாகி இறுகிவிட்டது, மேலே வரத் துடித்த தண்ணீர் அதற்கு அடியில் சிக்கிக்கொண்டது, தோலுக்கும் தளத்துக்கும் இடையே பலமற்ற ஒரு படலம் மிஞ்சியது. சிமெண்ட் மிகுந்த தோல் காயும்போது அதிகமாகச் சுருங்கும் என்பதால் மேலே முடிக்கோடு போல விரிசல்கள் வேறு. கார் ஏற ஏற எல்லாம் கழன்றுகொண்டது.

பதினெட்டு அடி ஓரத்தை ஆறு அங்குல அகலத்துக்கு உடைத்து, தூசி கழுவி, பிடிமானப் பசை பூசி, புதுக் கலவை வைத்தோம். ஆள் கூலி, இயந்திர வாடகை, குப்பை ஏற்றிய லோரி எல்லாம் சேர்த்து 2,400 ரிங்கிட். பாதியைக் கங்காணி என் சம்பளத்தில் கழித்தார். பொடி தூவச் சொன்னவர் அவர் என்பது அவருக்கு நினைவில்லை. புது ஓரத்தின் நிறம் பழைய தளத்தோடு சேரவே இல்லை. வீட்டம்மா அந்தத் தீபாவளிக்கு ஒட்டுப்போட்ட இடத்தை மறைப்பதற்கென்றே கோலத்தை நீளமாகப் போட்டதாகச் சொன்னார்கள். இன்றும் அந்தச் சாலை வழியாகப் போக நேர்ந்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன்.

அப்படியானால் என்ன செய்வது? காத்திருப்பது. மினுமினுப்பு போய்த் தளம் மங்கிய பிறகு, பூட்ஸ் காலை வைத்தால் கால் அங்குலத்துக்கு மேல் பதியாத நிலையில் தொடங்கலாம். இத்தனை மணி நேரம் என்று கணக்குச் சொல்ல முடியாது. கலவையும் வெயிலும் காற்றும் தினம் ஒரே மாதிரி இருப்பதில்லை. நண்பகல் வெயிலில் இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. மேலே தண்ணீர் வந்த வேகத்திலேயே ஆவியாகிவிடும். தளம் காய்ந்தது போலத் தெரியும், அடியில் கக்கல் நின்றிருக்காது. சந்தேகம் இருந்தால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒரு மூலையில் விரித்து வைத்துச் சற்று நேரம் கழித்து எடுங்கள். அடியில் ஈரம் திரண்டிருந்தால் கக்கல் இன்னும் முடியவில்லை. தேங்கிய தண்ணீரை அகற்றியே ஆக வேண்டும் என்றால், இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ரப்பர் குழாயைப் பிடித்துத் தளத்தின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள், தண்ணீர் பலகையைத் தாண்டி விழும். மழை வரும் போலிருந்தால் பொடி மூட்டையைத் தேடாமல் தார்ப்பாயைத் தேடுங்கள். முதலில் வாங்க வேண்டிய கருவியே அதுதான் என்பேன்.

செகாம்புட் தம்பியிடம் இதில் கால்வாசியைச் சொன்னேன். "அண்ணே, தவுக்கே ஐந்து மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார்" என்றான். தவுக்கே என்றால் முதலாளி. அவன் மேல் குற்றமில்லை. காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி எழுதாத தவுக்கேமார்களால்தான் இந்தப் பொடி தூவும் வழக்கம் இன்னும் சாகாமல் இருக்கிறது. என்னைத் திட்டினாலும் பரவாயில்லை என்று மூட்டையின் வாயைக் கட்டி எதிர்வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். வடிகால் ஓரத்தை அவன் இழுத்து முடிக்கும்போது மணி ஏழாகிவிட்டது. கைப்பேசி விளக்கை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், கொசுக்கடியோடு.

பலகையை ஒட்டி வெட்டிவிடாதது

மட்டப் பலகையால் தடவியதும் கொத்துக்கரண்டியின் முனையைப் பலகைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே ஓர் அங்குல ஆழம் விட்டு ஓரம் முழுவதும் இழுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. செய்யாவிட்டால் எட்ஜரின் உதடு கல்லில் மோதி மோதி நிற்கும். கோடு பாம்பு போல வளையும்.

மூக்கைக் குத்துவது

முன்னால் தள்ளும்போது முன்முனையைச் சற்றே தூக்கிப் பிடியுங்கள், பின்னால் இழுக்கும்போது பின்முனையை. ஒரு நாணயத்தின் கனம் போதும். முதல் தடவை அழுத்தாதீர்கள். அப்போது விழுகிற பள்ளத்தை அடுத்தடுத்த இழுப்பால் நிரப்பிவிடலாம் என்று நினைப்பது வீண். கல் எழும்பி நின்றால் முன்னும் பின்னும் சிறிதாக அசைத்து அதைக் கீழே இறக்கிவிட்டு, அதன் பிறகு நீளமாக இழுங்கள். தளத்தைத் தேய்த்து முடித்ததும் இரண்டாவது முறை இழுக்கத்தான் போகிறீர்கள். அழகை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இறுகிய பிறகு முரட்டுத்தனம்

நேரம் தப்பிவிட்டதா, விட்டுவிடுங்கள். இறுகிய ஓரத்தில் எட்ஜரை அமுக்கினால் கல் பெயர்ந்து குழி விழும். வாளியில் கை நனைத்துத் தண்ணீர் தெளித்து இளக்கப் பார்ப்பது, மேலே சொன்ன பொடி வேலைக்குத் தம்பி முறை. மறுநாள் தேய்ப்புக் கல்லால் தேய்த்து முனையை மழுக்கிக்கொள்ளலாம்.

துடைப்பக் கோட்டுக்குப் பின் ஓரம் இழுப்பது

தளம் வழுக்காமல் இருக்க அதன் மேல் துடைப்பத்தை இழுத்துக் கோடு போடுவோம். எட்ஜரை அதற்கு முன்பு இழுப்பதா பின்பா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. கடைசியாக எட்ஜர் இழுத்தால் தளத்தைச் சுற்றி வழவழப்பான பட்டை ஒன்று சட்டம் போட்டது போல நிற்கும், புகைப்படத்தில் நன்றாக இருக்கும். தினமும் மழை பெய்யக்கூடிய ஊரில் வயதானவர்கள் செருப்போடு நடக்கும் சரிவில் எனக்கு அந்தப் பட்டை வேண்டாம். எட்ஜரை முதலில் முடித்து, துடைப்பத்தை ஓரம் தாண்டி இழுத்துவிடுவேன்.

கழுவாமல் வைப்பது

எட்ஜரைக் கழுவுவது நாளைக்கு என்றால், நாளைக்குப் புதிது வாங்குங்கள்.

ஓரத்தைக் காயவிடுவது

ஓரத்துக்கு மேலும் பக்கமுமாக இரண்டு முகம். தளத்தின் நடுவை விட அது சீக்கிரம் காய்ந்துவிடும். ஏழு நாள் நனைத்து வையுங்கள், சாக்குப் போடும்போது வடிகால் பக்கமும் தொங்கவிடுங்கள்.

பலகையை அன்றே கழற்றுவது

மறுநாள். அதுவும் கடப்பாறையைத் தளத்தின் முனையில் ஊன்றாமல், ஆணியை வெளிப்பக்கமாகப் பிடுங்கி, பலகையை நேராக வெளியே இழுத்து.