டர்பன் ஈரத்தில் பயறு வண்டு பிடிக்காமல் இருக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை ஊர், டிசம்பரிலிருந்து மார்ச் வரை காற்றில் ஈரம் குறையவே குறையாது. வீட்டில் வாங்கி வைத்த தட்டைப்பயறு, மொச்சை, கொண்டைக்கடலை எல்லாம் சீக்கிரமே ஓட்டை விழுந்து மாவு கொட்ட ஆரம்பித்துவிடும். இதற்கு மருந்து எதுவும் வேண்டாம், இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நம் பாட்டிமார் செய்த எண்ணெய்ப் பிசறலே போதும்.

முதலில் பயறை நல்ல வெயிலில் காயவைத்து முழுக்க ஆறவிடுங்கள் (சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்). அப்புறம் ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 மில்லி கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ விட்டு, ஒவ்வொரு மணியிலும் மெல்லிசாகப் படும்படி கையால் பிசறி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். வண்டு முட்டையைப் பயறின் மேல்தோலில்தான் ஒட்டி வைக்கும், எண்ணெய்ப் படலம் காற்றை அடைத்துவிடுவதால் அது பொரிக்காது. ஆய்வுக்கூடங்களிலும் சோதித்து உறுதி செய்த விஷயம்தான் இது. ஆனால் ஏற்கெனவே உள்ளே துளைத்துப் போன புழுவிடம் எண்ணெயின் வேலை அவ்வளவாகச் செல்லாது, அதனால் வாங்கின கையோடு செய்துவிடுங்கள். சமைக்கும்போது வெந்நீரில் ஒரு தடவை கழுவினால் சரி.

தோட்டத்து விதைக்கு எண்ணெயைவிடச் சாம்பல் எனக்குப் பிடிக்கும். பிராய் (இங்கே திறந்தவெளியில் நெருப்பு மூட்டி இறைச்சி சுடுவது) போட்ட விறகுச் சாம்பலைச் சலித்து, விதைகளுக்கு நடுவே இடைவெளியே இல்லாதபடி தாராளமாகக் கலந்து வைத்தால் வண்டால் உள்ளே நகர முடியாது. கரித்தூளை அச்சில் அழுத்திச் செய்த கரிக்கட்டியின் சாம்பல் மட்டும் வேண்டாம், அதில் வேறு பொருள்கள் கலந்திருக்கும்.