பார்ட்டிகிள் போர்டு அலமாரியைக் கூடுதல் பாரம் தாங்கும்படி பலப்படுத்துவது எப்படி?

அட்டைப்பெட்டியில் பலகைகளாக வந்து, வீட்டில் நாமே திருகி நிறுத்திக்கொள்ளும் அலமாரிகள் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டில் செய்யப்பட்டவை. மரச்சில்லுகளைப் பசையோடு அழுத்தி, மேலே மெலமைன் தாள் ஒட்டிய இந்தப் பலகை நிமிர்ந்து நின்று பாரம் சுமப்பதில் குறை சொல்ல முடியாதது. படுத்துக்கொண்டு சுமக்கும்போதுதான் தோற்கிறது. தேக்கோடு ஒப்பிட்டால் இதன் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். போதாக்குறைக்கு, எடுக்காமல் வைத்த பாரத்தின் கீழ் இது மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். ஐகியா நிறுவனத்தின் பில்லி என்ற அலமாரியில் 80 செ.மீ. அகல வகைக்குத் தட்டு ஒன்றுக்கு 30 கிலோ என்பதே வரம்பு. கெட்டி அட்டைப் புத்தகங்களை முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை அடுக்கினால் அந்த வரம்பு எளிதில் கடந்துவிடும்.

வேலையைத் தொடங்குமுன் அலமாரியைக் காலி செய்து, எது முதலில் தளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். தட்டு நடுவில் தொய்ந்திருக்கலாம். தட்டைத் தாங்கும் சிறு பிளாஸ்டிக் முளைகள் துளையை நீளவாட்டில் கிழித்திருக்கலாம். பக்கப் பலகைகள் வெளிப்பக்கம் பிதுங்கியிருக்கலாம். அல்லது மொத்தச் சட்டமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். தண்ணீர் பட்டு உப்பிய பலகையை எந்தப் பசையும் காப்பாற்றாது என்பதால், அதை எடுத்துவிட்டு 18 மி.மீ. பிளைவுட் போடுவதே நல்லது. தொய்ந்திருந்தாலும் உப்பாத தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

தட்டின் தொய்வுக்கு மிகச் சிறந்த மருந்து நடுவில் முட்டுக் கொடுப்பதுதான். சீராகப் பரவிய பாரத்தில் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் (நீளம் இரண்டு மடங்கானால் 16 மடங்காக) ஏறுவதால், தாங்கும் நீளம் பாதியானால் தொய்வு ஏறக்குறைய 16-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 18 மி.மீ. பிளைவுட்டில் தட்டின் ஆழத்துக்குச் சமமான பட்டைகளை வெட்டி ஒவ்வொரு அடுக்கிலும் நடுவில் நிறுத்த வேண்டும். பட்டையின் உயரத்தை, ஏற்கெனவே தொய்ந்திருக்கும் நடுவில் அளக்காமல் பக்கப் பலகையை ஒட்டி அளக்க வேண்டும். எல்லா முட்டுகளும் தூக்குக்குண்டு பிடித்தாற்போல ஒரே கோட்டில் வருவது அவசியம். இல்லையென்றால் மேல்தட்டின் பாரம் கீழ்த்தட்டின் நடுவில் இறங்கிப் பழைய சிக்கலை ஒரு அடுக்கு கீழே தள்ளிவிடும். பலரும் மறப்பது கடைசி முட்டுக்கட்டையைத்தான்: அடித்தட்டு பெரும்பாலும் தரையைத் தொடாமல் சில சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பதால், அதன் கீழும் ஒரு மரக்கட்டையைச் செருகினால்தான் பாரம் தரைக்குப் போய்ச் சேரும்.

அகலமான பெட்டிகளை வைப்பதால் நடுமுட்டு இடைஞ்சலாக இருக்கும் என்றால், தட்டின் முன்விளிம்புக்குக் கீழே 40 மி.மீ. உயரமும் 18 மி.மீ. கனமும் உள்ள தேக்குப் பட்டையைக் குத்துவாட்டில் வைத்துத் திருகலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், 25 செ.மீ. ஆழமும் 16 மி.மீ. கனமும் உள்ள பலகை முழுவதையும்விட இந்த ஒற்றைப் பட்டைக்கு விறைப்பு அதிகம். பட்டையின் இரு முனைகளும் பக்கப் பலகையில் திருகிய சிறிய எல் ஆங்கிளில் (L வடிவ இரும்புத் தாங்கியில்) உட்கார வேண்டும். பின்விளிம்பை முதுகுப் பலகை தாங்கிக்கொள்ளும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது முளைகள். பக்கப் பலகையின் உட்புறத்தில், தட்டின் ஆழம் முழுவதற்கும் 20 மி.மீ. கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒன்றைத் திருகி (முன்பக்கம் தேக்குப் பட்டை இருந்தால் அதற்கு இடம் விட்டு), அதன்மேல் தட்டை உட்காரவைத்தால் பிளாஸ்டிக் முளைகளுக்கு வேலையே இல்லாமல் போகும். பக்கப் பலகை 16 மி.மீ. என்றால் 30 மி.மீ. ஸ்க்ரூ போதும், அதைவிட நீளமானது வெளிப்பக்கம் எட்டிப் பார்க்கும். 2.5 மி.மீ. பிட்டில் முன்துளை இட்ட பிறகு, டிரில்லிங் மெஷினை விட்டுவிட்டுக் கையால் இறுக்குவது பாதுகாப்பானது, ஏனெனில் ஒரு சுற்று கூடினாலும் சில்லுகள் பொடிந்து பிடிப்பு போய்விடும். மெலமைன் பரப்பில் பெவிகால் ஒட்டாது. பசையும் வேண்டுமென்றால், உப்புத்தாளால் தேய்த்துச் சில்லு தெரியும்வரை அந்த இடத்தை உரித்துக்கொள்ள வேண்டும். பக்கப் பலகைகள் பிதுங்காமலிருக்க நடுத்தட்டு ஒன்றையாவது எல் ஆங்கிள் கொண்டு இருபுறமும் நிரந்தரமாகத் திருகிவிட வேண்டும்.

அலமாரியோடு வரும் 3 மி.மீ. முதுகு அட்டை, சிறு ஆணிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றி 6 மி.மீ. பிளைவுட்டைப் பொருத்துவது செலவுக்குத் தகுந்த வேலை. முதலில் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, சமமாக வரும்வரை சட்டத்தைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். பிறகு சுற்றிலும் 15 செ.மீ. இடைவெளியிலும், ஒவ்வொரு தட்டின் பின்விளிம்பிலும் திருகினால், சட்டம் சாய்வதும் தட்டின் பின்பக்கம் தொய்வதும் ஒருசேர நின்றுவிடும்.

பாரம் கூடக்கூடக் கவிழும் ஆபத்தின் விளைவும் கூடுகிறது. மேல்பகுதியில் இரண்டு இடங்களிலாவது எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு பிடிக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் கிட்டி (ஸ்க்ரூ பிடிக்கச் சுவர்த்துளையில் செருகும் குழல்) நன்றாக இறங்க வேண்டும் என்பதால் 50 மி.மீ. நீளத்துக்குக் குறையாத கிட்டியே சரி. சுவிட்சு பெட்டிக்கு நேர்மேலும் நேர்கீழும் ஒயர் ஓடக்கூடும், அங்கே துளையிடக் கூடாது. தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கும் தரையென்றால் பக்கப் பலகைகளின் அடியிலும் அடிக்கட்டையின் கீழும் ஒரே கனமுள்ள கிரானைட் துண்டுகளையோ பிவிசி துண்டுகளையோ கொடுத்துத் தூக்கிவைத்து, ரசமட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்ப அடுக்கும்போது கனமானவை கீழேயும், பக்கப் பலகைகளையும் நடுமுட்டுப் பட்டையையும் ஒட்டியும் வரட்டும். நடுமுட்டு இல்லாத தட்டில் 25 கிலோ அரிசி மூட்டையை நட்டநடுவில் வைத்தால், அதே எடை பரவலாக இருக்கும்போது வருவதைப்போல் 1.6 மடங்கு தொய்வு வரும். மூட்டைக்கு அடித்தட்டே இடம். ஒரு மாதம் கழித்துத் தட்டின் இரு முனைகளுக்கும் நூல் பிடித்துப் பார்த்து, 80 செ.மீ. தட்டில் நடுவே 4 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால், அந்தத் தட்டின் பாரத்தைக் குறைக்க வேண்டும் அல்லது விட்டுப்போன நடுமுட்டைக் கொடுத்துவிட வேண்டும்.